நட்சத்திரத்தோட உள்ள என்ன இருக்குன்னு வெளிய நின்னுகிட்டே எப்படி சொல்றாங்க?

குப்பம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம், குப்பம் பக்கம். வீட்ல தமிழ், காலேஜ்ல பாடம் பாதி தெலுங்கு பாதி இங்கிலீஷ், அதனால தமிழ்ல யாராவது சொன்னா தான் மண்டையில ஏறும்னு இங்க வந்து கேக்குறேன்.

செமினாருக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி, அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சு பாக்கறது, எடுத்துருக்கேன். கோடு வரது, எந்த தனிமம்னு கண்டுபிடிக்கிறது, வெளிச்சம் தர்றது கிட்ட வந்தாலோ தள்ளி போனாலோ கோடு நகர்ற டாப்ளர் ஷிஃப்ட், இதெல்லாம் ஓகே. என் டவுட் என்னன்னா, சூரியன்ல இருந்து நம்ம கண்ணுக்கு வர்ற வெளிச்சம் எல்லாம் மேல இருக்குற ஒரு சில நூறு கிலோமீட்டர் தோல்ல இருந்து தான் கெளம்புது, ஆனா சூரியனோட ஆரம் கிட்டத்தட்ட 7 லட்சம் கிலோமீட்டர். அப்ப நடுவுல ஒன்றரை கோடி டிகிரி, இவ்வளவு ஹீலியம், இந்த ஆழம் வரைக்கும் கொதிப்புன்னு புக்ல போட்டிருக்கானே, உள்ள போயி எவன் பாத்தான்? எங்க லெக்சரர கேட்டேன், "அதெல்லாம் மாடல்ப்பா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. யூட்யூப்ல ஒருத்தர் நட்சத்திரத்தோட சத்தத்த கேட்டு கண்டுபிடிக்கிறாங்கன்றார். வெற்றிடத்துல சத்தம் வராதுன்னு ஹைஸ்கூல்லயே ஜாடிக்குள்ள மணி வச்சி காத்த உறிஞ்சி காட்டுனாங்களே, அப்புறம் எந்த சத்தம்?

நகரி_எக்ஸ்பிரஸ்:
என் நட்சத்திரம் திருவாதிரை, அது துடிச்சா எனக்கு நல்லதா கெட்டதா அத மொதல்ல சொல்லுங்கப்பா 😄

பாறை_மாஷ்:
நகரிக்காரரே, திருவாதிரை நெஜமாவே துடிக்குது, சுமார் 400 நாளுக்கு ஒருக்கா. உங்க ஜாதகத்துக்கு நான் பொறுப்பில்லைங்க.

தம்பி, நான் கொழிஞ்சாம்பாறைங்க, தமிழ் மீடியத்துல பிசிக்ஸ் எடுக்கறேன், அதனால உங்க கஷ்டம் தெரியும். சத்தம் அங்கிருந்து இங்க வர்றதே இல்லைங்க. சத்தம் நட்சத்திரத்துக்குள்ளயே தான் சுத்தீட்டு கெடக்குது. அது ஒரு வாயு உருண்டை, வாயுல சத்தம் போகறதுக்கு என்ன தடை? உள்ள போற அலை ஆழம் போகப்போக சூடு ஏறி வேகம் கூடறதால வளைஞ்சு திரும்ப மேல வந்துரும், மேல வந்தா அடர்த்தி சட்டுனு கொறையறதால வெளிய போக முடியாம மறுபடி உள்ள திரும்பிரும். இப்படி மாட்டிகிட்ட அலைகள்ல சில அலைநீளம் மட்டும் தன் மேலயே சரியா விழுந்து நிக்கும், மத்ததெல்லாம் அழிஞ்சிரும். அப்படி நிக்கற அலையால மேல்பரப்பு ஏறி இறங்குது, கொஞ்சம் சூடாகுது கொஞ்சம் ஆறுது. அந்த ஏத்த இறக்கத்தத் தான் நாம வெளிச்சத்துல பாக்கறோம், கேக்கறது இல்ல.

எங்க பக்கம் பலாப்பழத்த வெட்டாமயே தட்டிப்பாத்து பழுத்ததா காயான்னு சொல்லீருவாங்க இல்லீங்களா, விஷயம் அதே தான். சத்தத்தோட வேகம் ஒரு எடத்துல எவ்வளவுன்னா அங்க இருக்கற வெப்பத்தையும், அந்த வாயுவோட சராசரி துகள் எடையையும் பொறுத்தது. ஹைட்ரஜன் எரிஞ்சு ஹீலியம் சேந்த எடத்துல துகள் கனம், அதனால அதே சூட்டுக்கு வேகம் கம்மி. ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு ஆழம் வரைக்கும் போயிட்டு திரும்புது, சிலது தோலுக்கு கீழயே சுத்தும், சிலது நடுமையம் வரைக்கும் போகும். ஆயிரக்கணக்குல அதிர்வெண்கள எடுத்து ஒன்னோட ஒன்ன ஒப்பிட்டா எந்த ஆழத்துல என்ன வேகம்னு படிப்படியா உரிச்சு எடுத்துறலாம்.

சூரியனுக்கு இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, 1960 வாக்குல லெய்ட்டன்னு ஒருத்தர் அமெரிக்காவுல மவுண்ட் வில்சன்ல சூரிய மேல்பரப்ப ஸ்பெக்ட்ரம் கோடு வழியா பாக்கறப்ப, அங்கங்க 5 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்கறது தெரிஞ்சுது. உங்க டாப்ளர் ஷிஃப்ட் தானுங்க, வேற ஒன்னுமில்ல. அது உள்ள மாட்டிகிட்ட ஒலி அலைன்னு 1970ல உல்ரிக் சொன்னார், 1975ல டாய்ப்னர் அளந்து காட்டினார், சொன்ன மாதிரியே இருந்துது. கொதிப்பு மண்டலம், அதாவது வாயு மேலயும் கீழயும் புரள்ற வெளி அடுக்கு, நடுமையத்துல இருந்து ஆரத்துல 0.713 பங்குல முடியுதுன்னு மூணு தசமம் வரைக்கும் சொல்றாங்களே, அது இப்படி வந்த நம்பர். "மாடல்"னு உங்க சார் சொன்னது தப்பில்ல, ஆனா அந்த மாடல அளந்து சரிபாக்க ஒரு வழி இருக்குன்னு சேத்து சொல்லீருக்கலாம்.

நகரி_எக்ஸ்பிரஸ்:
ஜோக் போதும், சீரியஸா கேக்குறேன். பலாப்பழத்த நாம தட்டுறோம். நட்சத்திரத்த யாரு தட்றது?

பாறை_மாஷ்:
அதானே. சூரியன் மாதிரி நட்சத்திரத்துல மேல இருக்கற கொதிப்பே தட்டுதுங்க. வாயுக் குமிழி மேல வந்து ஆறி கீழ விழற எடத்துல சத்த வேகத்தத் தொடற அளவுக்கு ஓட்டம் இருக்கும், ஓயாத சலசலப்பு, அதுல எல்லா அதிர்வெண்ணும் கலந்து கெடக்கும், நட்சத்திரம் தனக்கு ஒத்தத மட்டும் எடுத்துக்கும். அதனால அதிர்வு ரொம்ப சின்னது, ஒரு ஒரு அலையும் பரப்ப நொடிக்கு 20 சென்டிமீட்டர் மாதிரி தான் ஆட்டும்.

செபீட்னு ஒரு வகை, வெளிச்சம் சீரா கூடி கொறையற நட்சத்திரம், அது வேற கதை. அங்க உள்ள ஒரு 40 ஆயிரம் டிகிரி இருக்கற அடுக்குல ஹீலியம் தன்னோட ரெண்டாவது எலக்ட்ரானையும் விடற நெலமையில நிக்குது. நட்சத்திரம் சுருங்கறப்ப அந்த அடுக்கு வெளிச்சத்த அதிகமா மறைக்கும், சூடு உள்ளயே தேங்கும், தேங்கின சூடு தள்ளி விரியும், விரிஞ்சா ஹீலியம் எலக்ட்ரான திரும்ப பிடிச்சுக்கும், மறைப்பு கொறையும், சூடு வெளிய போகும், மறுபடி சுருங்கும். இது தானா ஓடற எஞ்சின். அந்த வகையில டெல்டா செபெய்ங்கற நட்சத்திரம் 5.37 நாளுக்கு ஒருக்கா இத செய்யுது, 1784லயே வெறுங்கண்ணுல பாத்து எழுதி வச்சாங்க.

குப்பம்_பையன்:
சார் சூப்பர் சார். அப்ப ஸ்பெக்ட்ரம் எதுக்கு? வெளிச்சம் கூடறது கொறையறத மட்டும் அளந்தா போதும் இல்ல? நான் எடுத்த டாபிக்கே தப்போன்னு பயமா இருக்கு.

நகரி_எக்ஸ்பிரஸ்:
அதையே தான் நானும் சொல்ல வந்தேன் தம்பி. கெப்ளர் சாட்டிலைட் நாலு வருஷம் ஒரே எடத்த மொறச்சு பாத்துச்சு, வெறும் வெளிச்ச அளவு மட்டும் தான், ஆயிரக்கணக்குல ரெட் ஜெயன்ட்டோட (வயசாகி உப்பிப்போன நட்சத்திரம்) எடை, ஆரம் எல்லாம் அதுலயே வந்துருச்சு. ஸ்பெக்ட்ரோகிராஃப்லாம் பழைய காலத்து வேலை. ரெண்டு நம்பர், நியூ மாக்ஸ், டெல்டா நியூ, பார்முலாவுல போட்டா முடிஞ்சுது. டாபிக்க மாத்திடு.

ஜவ்வாது_மலை:
தம்பி மாத்தாதடா, இரு.

நான் ஆலங்காயம் பக்கம், எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுல நட்சத்திர ஸ்பெக்ட்ரம் குறைச்சவ (டேட்டா ரிடக்‌ஷன்ன சொல்றேன், உடம்ப இல்ல). நகரி அண்ணா அந்த பார்முலாவ சொல்லும்போது பாதிய முழுங்கிட்டாரு. நியூ மாக்ஸ்ன்றது அதிர்வு எந்த அதிர்வெண்ல உச்சமா இருக்குன்றது, டெல்டா நியூன்றது வரிசையா நிக்கிற அதிர்வுகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளி. சூரியனுக்கு முதல் நம்பர் சுமார் 3090 மைக்ரோஹெர்ட்ஸ், ரெண்டாவது 135. இடைவெளி சராசரி அடர்த்திய சொல்லும், உச்சம் மேல்பரப்பு ஈர்ப்ப சொல்லும், ஆனா வெப்பநிலையோட சேத்து தான் சொல்லும். எடை கண்டுபிடிக்கிற பார்முலாவுல மூணாவதா வெப்பநிலை ஒன்றரை அடுக்குல உக்காந்துருக்கு அண்ணா, அத எங்க விட்டீங்க?

கணக்கே போட்டு காட்றேன். ஒரு ரெட் ஜெயன்ட்டுக்கு உச்சம் 30, இடைவெளி 4 மைக்ரோஹெர்ட்ஸ்னு வச்சிக்கோ. 30ஐ 3090 ஆல வகுத்து மூணு அடுக்கு, 4ஐ 135 ஆல வகுத்து நாலு அடுக்கு, மொதல்லத ரெண்டாவதால வகுத்தா 1.19 வரும். இப்ப ஸ்பெக்ட்ரம் எடுத்து வெப்பநிலை 4800 கெல்வின்னு தெரிஞ்சா, அத சூரியனோட 5777 ஆல வகுத்து ஒன்றரை அடுக்கு, 0.757. பெருக்கினா எடை சூரியன்ல 0.9 பங்கு. ஆரம் பத்து மடங்கு வரும், போட்டு பாத்துக்கோ.

இப்ப ஸ்பெக்ட்ரம் இல்ல, நிறத்த வச்சி மட்டும் வெப்பநிலை சொல்றோம்னு வை. நடுவுல தூசி இருந்தா நட்சத்திரம் இருக்குறத விட சிவப்பா தெரியும், சிவப்பா தெரிஞ்சா ஆறிப்போனதுன்னு நெனைப்போம், 4500ன்னு போட்டுடுவோம். எடை 0.82 ஆயிடும். இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேப்ப. நட்சத்திரத்தோட வயசு எடைய பொறுத்து ரொம்ப வேகமா மாறும், எடை பத்து சதவீதம் கொறஞ்சா வயசு மூணுல ஒரு பங்கு கிட்ட ஏறும். சூரியன் மாதிரி கலவை இருக்குற 0.82 நட்சத்திரம் ரெட் ஜெயன்ட்டா ஆகறதுக்கு பிரபஞ்சத்தோட வயசே பத்தாது. 300 டிகிரி தப்புக்கு பிரபஞ்சத்துக்கு முன்னாடியே பொறந்த நட்சத்திரம் கெடைச்சிடும். அதனால தான் கெப்ளர் பாத்த நட்சத்திரங்கள தேடி தேடி அமெரிக்காவுல அப்போஜி, சைனாவுல லாமோஸ்ட்னு பெரிய பெரிய ஸ்பெக்ட்ரம் சர்வே எடுத்தாங்க, பழைய காலத்து வேலைன்னு யாரும் விட்டுடல.

வயசு சமாச்சாரத்துலயே ஒரு வேடிக்கை இருக்கு. மெக்னீசியம் மாதிரி ஆல்ஃபா தனிமங்கள் இரும்ப விட கூட இருந்தா அது நம்ம கேலக்ஸியோட பழைய தலைமுறைன்னு வழக்கமா சொல்லுவாங்க. 2015ல பாத்தா அப்படி கிழட்டு கலவை இருக்குற சில நட்சத்திரங்களுக்கு துடிப்பு வச்சி போட்ட எடை அதிகமா வருது, அதிக எடைன்னா இளசு. ஸ்பெக்ட்ரம் கெழவன்றது, துடிப்பு கொமரன்றது. பக்கத்து நட்சத்திரத்த முழுங்கியோ அதுகிட்டேர்ந்து வாயுவ வாங்கியோ எடை ஏத்திக்கிட்ட கெழவங்களா இருக்கலாம்னு தான் இப்ப நெறைய பேர் சொல்றாங்க. ரெண்டுல ஒன்ன மட்டும் பாத்திருந்தா இப்படி ஒரு கூட்டம் இருக்குன்னே தெரிஞ்சிருக்காது.

குப்பம்_பையன்:
அக்கா கணக்கு போட்டு பாத்தேன், ஆரம் 10.1 வருது. டாபிக் மாத்தல. ஸ்பெக்ட்ரத்துலயே துடிப்பையும் பாக்கலாமா? காவலூர் அப்சர்வேட்டரியில எல்லாம் இத பண்ணுவாங்களா, எங்க ஊர்ல இருந்து வாணியம்பாடி போனா அடுத்து ஆலங்காயம், காவலூர் தானே.

ஜவ்வாது_மலை:
பாக்கலாம். துடிப்புல பரப்பு நம்ம பக்கம் வந்தா கோடு நீலப் பக்கம் நகரும், போனா சிவப்பு பக்கம். பந்து மாதிரி மொத்தமா விரிஞ்சு சுருங்கினா கோடு மொத்தமா நகரும். ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்குற மாதிரி துடிச்சா கோடு நகர்றத விட அதோட வடிவம் தான் கோணும், ஒரு தோள் ஏறும், நடுவுல சின்னதா ஒரு புடைப்பு ஊர்ந்து போகும். அந்த கோணல வச்சி எந்த மாதிரி துடிப்புன்னு பிரிச்சி சொல்லலாம், வெறும் வெளிச்ச அளவுல அது கஷ்டம். சூரியனோட பக்கத்து வீட்டு ஆல்ஃபா செண்டாரி ஏ-வுல சூரியன் மாதிரியே துடிப்பு இருக்குன்னு 2001ல தெளிவா காட்டினதும் சிலில இருந்து கோரலின்னு ஒரு ஸ்பெக்ட்ரோகிராஃப் வச்சி தான், கெப்ளர் எல்லாம் அப்ப பொறக்கவே இல்ல நகரி அண்ணா.

காவலூர்ல பெரிய டெலஸ்கோப் 2.3 மீட்டர் கண்ணாடி, வானியலாளர் வைணு பாப்பு பேர்ல இருக்கு. அதுல எஷல் ஸ்பெக்ட்ரோகிராஃப் (ஸ்பெக்ட்ரத்த பட்டை பட்டையா பிரிச்சு அடுக்குற கருவி) ஒன்னு இருக்கு, வெளிச்சத்த ஃபைபர் வழியா தனி ரூமுக்கு கொண்டு போயிடுவாங்க. அந்த மாதிரி டேட்டாவ மொதல்ல தொறந்து பாத்தா வானவில்லும் இருக்காது ஒன்னும் இருக்காது, கறுப்பு படத்துல லேசா வளைஞ்ச வெள்ளை பட்டைங்க ஒன்னுக்கு மேல ஒன்னா அடுக்கி இருக்கும், நடுநடுவுல காஸ்மிக் ரே அடிச்ச புள்ளிங்க. பட்டைக்குள்ள அங்கங்க வெளிச்சம் கொறஞ்சு பல்லு போன மாதிரி தெரியுதே அது தான் நீ தேடுற கோடு. தோரியம் ஆர்கான் லேம்ப்போட படம் ஒன்னு கூடவே எடுத்திருப்பாங்க, அந்த லேம்ப்புக் கோடுகளோட அலைநீளம் நமக்கு முன்னாடியே தெரியும், அத ஒன்னொன்னா அடையாளம் காட்டி ஸ்கேல் போடணும், அதுல தான் கண்ணு பூத்துடும்.

ஆனா சூரிய வகை துடிப்புக்கு ஒரே எடத்துல ஒக்காந்து பாக்கறது சிக்கல். பகல் வந்துடுது இல்ல. தெனமும் ஒரு ஓட்டை விழுந்தா ஒவ்வொரு நெஜ அதிர்வுக்கும் ரெண்டு பக்கமும் 11.57 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளி போலி அதிர்வு மொளைக்கும், ஒரு நாளோட அதிர்வெண் அது. எது நெஜம் எது போலின்னு பிரிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். சூரியனுக்கு இதுக்காகவே காங்னு உலகம் சுத்தி ஆறு எடத்துல கருவி வச்சிருக்காங்க, அதுல ஒன்னு நம்ம உதய்ப்பூர்ல.

பாறை_மாஷ்:
ஜவ்வாது மேடம், லித்தியம் கதையவும் சொல்லுங்க, பெங்களூர்க்காரங்க பண்ணினது.

ஜவ்வாது_மலை:
மாஷ் சார் சொன்னா சொல்லாம இருக்க முடியுமா 🙂

லித்தியம் ரொம்ப சோப்ளாங்கி தனிமம் தம்பி, 25 லட்சம் டிகிரியிலயே அழிஞ்சு போயிடும். நட்சத்திரம் ரெட் ஜெயன்ட் ஆகும்போது மேல இருக்குறது ஆழத்துல இருக்குறதோட கலக்கும், அப்ப இருக்குற கொஞ்சநஞ்ச லித்தியமும் போயிடணும். ஆனா நூத்துல ஒன்னு மாதிரி சில ஜெயன்ட்ல 6708 ஆங்ஸ்ட்ராம்ல லித்தியம் கோடு தடியா நிக்கும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு 1980கள்ல இருந்தே சண்டை.

இதுல மாட்டிக்கிட்டது என்னன்னா, ஒரே நிறம் ஒரே வெளிச்சம் இருக்குற ரெண்டு ரெட் ஜெயன்ட்ல ஒன்னு நடுவுல சும்மா கெடக்குற ஹீலியத்த சுத்தி ஹைட்ரஜன எரிச்சிட்டு இருக்கும், இன்னொன்னு அந்த ஹீலியத்தையே எரிக்க ஆரம்பிச்சிருக்கும். ஸ்பெக்ட்ரத்துல ரெண்டும் அண்ணன் தம்பி, பிரிக்கவே முடியாத அளவுக்கு ஒட்டி நிக்கும். 2011ல பெட்டிங் குழு கெப்ளர் டேட்டாவுல பாத்தாங்க, மையத்துல இருக்குற ஈர்ப்பு அலைங்க (மிதப்பு விசையால வர்ற அலை, ஐன்ஸ்டீன் சொன்ன அலை இல்ல) வெளிய இருக்குற ஒலி அலைங்களோட கலந்து வருது, அதுங்களோட கால இடைவெளி மொத வகையில 50 செகண்டு மாதிரி, ரெண்டாவது வகையில 100ல இருந்து 300 செகண்டு. அவ்ளோ தான், பளிச்சுனு பிரிஞ்சிடுச்சு. அத வச்சிகிட்டு பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்காரங்க லாமோஸ்ட் ஸ்பெக்ட்ரத்துல லித்தியம் ரொம்ப தூக்கலா இருக்குறதுங்கள எடுத்து கெப்ளர் துடிப்போட ஒட்டி பாத்தா எல்லாமே ஹீலியம் எரிக்கிற வகை. ஹீலியம் மொதமொதல்ல பத்திக்கிற அந்த சமயத்துல தான் லித்தியம் உண்டாகி மேல வருதுன்ற பக்கம் இப்ப தராசு சாய்ஞ்சிருக்கு. எப்படி மேல வருதுன்றது இன்னும் சண்டை தான்.

சித்தூர்_தாத்தா:
பெரியவங்க பேசறீங்க, நான் போஸ்டல்ல ரிட்டயர் ஆனவன், பிசிக்ஸ் அளவா தெரியும். ஆனா பசங்க நம்ம பக்கத்து சரித்திரத்த விட்டுட்டீங்களே. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துல குண்டூர்ல வந்து ஸ்பெக்ட்ராஸ்கோப் வச்சவரு பிரான்ஸ்காரர் ஜான்சென், மசூலிப்பட்டினத்துல மெட்ராஸ் அப்சர்வேட்டரி போக்சன். சூரியனோட ஓரத்துல தெரிஞ்ச மஞ்ச கோடு சோடியத்தோடது இல்ல, புதுசுன்னு லாக்யர் அப்புறம் சொல்லி ஹீலியம்னு பேரு வந்துச்சு. பூமியில அது 1895ல தான் ராம்சே கையில கெடைச்சுது. அந்த கிரகணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி 1867ல மெட்ராஸ் அப்சர்வேட்டரியில சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிக்யுலின்னு ஒரு நட்சத்திரம் மங்கி மங்கி எரியறத கண்டுபிடிச்சாரு, இன்னிக்கு அத துடிக்கற நட்சத்திரம், மிரா வகைன்றாங்க. பஞ்சாங்கம் கணிக்கற வம்சம் அவரு. தம்பி செமினார்ல இத சேத்துக்கோ, உங்க லெக்சரருக்கும் ஆந்திரா பெருமை புடிக்கும்.

பாறை_மாஷ்:
ஐயா, ஹீலியத்த எடுத்தீங்க பாருங்க, தம்பி கேட்ட கேள்விக்கு நேர் பதிலே அதுலதானுங்க இருக்குது. சூரியன்ல நாலுல ஒரு பங்கு எடை ஹீலியம், ஆனா சூரியனோட சாதாரண வெளிச்சத்துல ஹீலியம் கோடே வராது, 5800 டிகிரி அதுக்குப் பத்தாது, கிரகணத்தப்ப ஓரத்துல தெரியற சூடான வாயுல தான் அந்த மஞ்ச கோடு வரும், அத வச்சு மொத்த அளவு சொல்ல முடியாது. அளவு எங்கிருந்து வந்துதுன்னா துடிப்புல இருந்து. முன்ன சொன்ன அந்த ஹீலியம் எலக்ட்ரான் விடற அடுக்கு சூரியன்லயும் இருக்குது, அங்க சத்தத்தோட வேகம் லேசா தடுமாறும், அந்தத் தடுமாற்றம் அதிர்வெண்கள்ல பதியும், அத அளந்து தான் வெளி அடுக்குல ஹீலியம் எடையில சுமார் 25 சதவீதம்னு சொன்னாங்க. இருக்குதுன்னு ஸ்பெக்ட்ரம் சொல்லுச்சு, எவ்வளவுன்னு துடிப்பு சொல்லுச்சு.

ஆனா ரெண்டும் ஒத்துப்போகாத எடமும் இருக்குதுங்க, அத மறைக்கக் கூடாது. 2009ல அஸ்ப்ளண்ட் குழு சூரிய ஸ்பெக்ட்ரத்த நல்ல முப்பரிமாண மாடல் வச்சு திரும்ப அலசி, ஆக்சிஜன் கார்பன் எல்லாம் நெனச்சத விட கம்மி, ஹீலியத்த விட கனமான தனிமம் மொத்தம் 1.7 சதவீதம் இல்ல, 1.34 தான்னு சொன்னாங்க. அத மாடல்ல போட்டா கொதிப்பு மண்டலத்தோட அடி 0.713ல நிக்காம மேல ஏறிடுது, சத்த வேகமும் பொருந்தல. ஸ்பெக்ட்ரக்காரங்க உங்க மாடல் தப்புன்னாங்க, துடிப்புக்காரங்க உங்க ஆக்சிஜன் தப்புன்னாங்க. 2022ல இன்னொரு குழு ஸ்பெக்ட்ரத்துல பழைய அளவுக்கு கிட்டத்துல திரும்ப வந்திருக்கு, இன்னும் தீர்ப்பு ஆகல. என் கருத்து கேட்டா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம், ஒளிய மறைக்கற கணக்குல தான் ஏதோ ஓட்டை இருக்குதுன்னு தோணுது.

நகரி_எக்ஸ்பிரஸ்:
சரி சரி வெப்பநிலைய முழுங்கினது நெஜம் தான், விடுங்க. தம்பி, செமினாருக்கு நீயே ஒரு நட்சத்திரத்த துடிப்பு பாத்து காட்டிடு, வெயிட்டா இருக்கும். பைத்தான்ல லைட்கர்வ்னு ஒரு பேக்கேஜ், ஃப்ரீ, கெப்ளர் டேட்டாவ அதுவே எறக்கிக்கும், நியூ மாக்ஸ் டெல்டா நியூ எடுக்கற வசதியும் உள்ளயே இருக்கு. டெஸ்னு இன்னொரு சாட்டிலைட் டேட்டாவ எடுக்கலாமான்னா, அது வானத்துல ஒரு செக்டர பாக்கறது 27 நாள் தானே?

ஜவ்வாது_மலை:
27 நாள்ல 0.43 மைக்ரோஹெர்ட்ஸுக்கு கிட்ட இருக்குறது ரெண்டும் ஒன்னா குழம்பிடும். 4 மைக்ரோஹெர்ட்ஸ் இடைவெளிய ஒப்பேத்தலாம், 50 செகண்டா 300 செகண்டான்றது தெரியவே தெரியாது. கெப்ளர்ல நாலு வருஷம் முழுசா இருக்குற ரெட் ஜெயன்ட்டா எடு தம்பி, அதுலயும் அப்போஜி வெப்பநிலை இருக்குறதா பாத்து எடு. லைட்கர்வ் எடை போடும்போது வெப்பநிலைய உன்கிட்ட கேக்கும், நீ குடுக்கலன்னா கேட்டலாக்ல இருக்குறத தானா எடுத்துக்கும், அத நம்பாத. ஸ்பெக்ட்ரத்துல வந்தத கையால போடு, ரெண்டு விடையையும் பக்கத்துல பக்கத்துல ஸ்லைடுல வை.

குப்பம்_பையன்:
ஓகே அக்கா, இன்னிக்கு நைட்டு இன்ஸ்டால் பண்றேன். லேப்டாப் 4 ஜிபி ராம் தான், ஓடுமா?

நகரி_எக்ஸ்பிரஸ்:
ஓடும். க்ரோம மட்டும் மூடிடு.